அதே கடற்கரை, ஒருவர் குறைவாக

கேள்வி: 2023 ஜனவரியில் என் கணவரின் 50ஆவது பிறந்தநாளுக்கு ஏழு சோடிகளாக டொமினிக்கன் குடியரசின் புன்டா கானாவுக்குப் போனோம். பெரியவர்களுக்கு மட்டுமான ரிசோர்ட். சாப்பாடு, குடிவகை எல்லாம் கட்டணத்துக்குள். பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, கல்யாணமான நாளில் இருந்து முதல் தடவையாக எந்த அலுவலும் இல்லாமல் ஒரு கிழமை இருந்தோம். காலையில் எங்கள் மேசைக்கு இஞ்சி போட்டுத் தேநீர் கொண்டுவந்த தம்பியை இன்றைக்கும் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். வரும் பெப்ரவரியில் அதே இடத்துக்கு மறுபடி போகலாம் என்று வட்ஸப் குழுவில் கதை எழும்பியிருக்கிறது. ஆனால் பதினாலு பேரில் ஒருவர் இப்போது இல்லை. போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய மனைவியைக் கூப்பிடுவதா, விடுவதா தெரியவில்லை. இன்னொரு சோடி அங்கே ஏதோ உறுப்பினர் திட்டத்தில் சேர்ந்ததால் அங்கேதான் போகவேண்டும் என்கிறார்கள். ஒரு சிநேகிதி பதினேழு வயது மகளையும் கூட்டி வரலாமா என்று கேட்கிறாள். போன தடவை எல்லோருடைய முற்பணமும் என் கடனட்டையில்தான் போனது. திருப்பி வாங்கி முடிக்க நாலு மாதம் பிடித்தது. இந்தத் தடவையும் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். என்ன செய்யலாம்?
பெயர் வேண்டாம், மார்க்கம், கனடா

அன்புள்ள சகோதரிக்கு,

நான் ஸ்காபரோவில் பயண முகவராக இருக்கிறேன். நம் சனத்தை மெக்சிகோவுக்கும் ஜமேக்காவுக்கும் புன்டா கானாவுக்கும் குழுவாக அனுப்பத் தொடங்கிப் பதினெட்டு வருடம் ஆகிறது. இப்படிக் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஹோட்டலின் பெயரிலும் விலையிலும்தான் தொடங்குவார்கள். நீங்கள் கணவரை இழந்த அந்தச் சிநேகிதியில் தொடங்கியிருக்கிறீர்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. நானும் அங்கேயே தொடங்குகிறேன். மற்றக் கேள்விகளில் பாதிக்கு விடை அவரிடம்தான் இருக்கிறது.

அவரைக் கூப்பிடுங்கள்.

"பாவம், அவளுக்கு மனம் தாங்காது" என்று மற்ற ஆறு வீட்டிலும் கதைத்து முடிவெடுத்துவிடுவது சுலபம். அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம் என்று நினைப்போம். ஆனால் கணவனை இழந்த பெண்ணைச் சந்தோஷமான இடங்களில் இருந்து மெல்ல ஓரங்கட்டும் நம் ஊர்ப் பழக்கமும் அந்த அன்புக்குள் ஒளிந்திருக்கிறது. அதை அவர் உடனே கண்டுகொள்வார். அவர் இன்னும் உங்கள் வட்ஸப் குழுவில் இருந்தால், இந்தக் கதை முழுவதையும் வாசித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார். அவருடைய கணவரின் இலக்கம்கூட அந்தக் குழுவில் இன்னும் அப்படியே இருக்கலாம். அவரை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு குழு தொடங்கியிருந்தால், அதுவும் இன்றோ நாளையோ அவர் காதுக்குப் போய்விடும்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு குழு வந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் கன்குன் போகிறவர்கள். அந்த வருடம் ஒரு சோடி குறைந்திருந்தது. கணவர் இறந்திருந்தார், மனைவிக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து அந்த அம்மா கொழும்புக்கு ஒரு சீட்டுப் போட என் அலுவலகத்துக்கு வந்தார். திகதி, விலை எல்லாம் பேசி முடித்து, கைப்பையை மூடிக்கொண்டு எழும்பியவர் கேட்டார்: "இந்த முறை எத்தனை பேர் போனவை, தம்பி?" பன்னிரண்டு என்றேன். "ஓ" என்று தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு குழுவாக வருகிற எல்லோரிடமும், போன தடவை வந்து இந்தத் தடவை பெயர் இல்லாத ஆட்கள் யார் என்று நானே கேட்டுவிடுகிறேன். அது என் வேலை இல்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

ஆகவே எந்த ஹோட்டலையும் பார்க்க முன்னர், வேறு யாருக்கும் பதில் சொல்ல முன்னர், அவர் வீட்டுக்கு நேரில் போங்கள். தொலைபேசியில் கேட்டால், மறுமுனையில் இருப்பவருக்கு முதலில் வாயில் வருவது "நான் வரேல்ல, நீங்கள் போட்டு வாங்கோ" என்பதுதான். நேரில் இரண்டே விஷயம் கேளுங்கள். வர விருப்பமா? வருவதென்றால் அந்த இடத்துக்கே வருவாரா, வேறு இடம் என்றால் நல்லதா? சிலருக்குக் கணவர் நடந்த மணலை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும் என்றிருக்கும். சிலருக்கு அந்த வரவேற்பு மண்டபத்துக்குள் கால் வைக்கவே முடியாது. இதை வெளியில் நின்று ஊகிக்க ஒருவராலும் முடியாது. "தெரியவில்லை" என்று அவர் சொன்னால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு, முற்பணக் கடைசித் திகதி வரைக்கும் அவருக்கு ஒரு இடம் வைத்திருங்கள். சைவக் குடும்பம் என்றால் திவசம் எந்த மாதத்தில் வருகிறது என்பதையும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெப்ரவரியில் வந்தால் திகதியை மாற்றுங்கள்.

வர ஒப்புக்கொண்டால் அறை விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் நீங்கள் பார்க்கும் விலை, ஓர் அறையில் இரண்டு பேர் தங்கும்போது ஆளுக்கு வரும் விலை. தனியாகத் தங்குகிறவர் அதைவிடக் கணிசமாகக் கூடக் கட்ட வேண்டி வரும். அவருடைய சகோதரியோ, பதினெட்டு தாண்டிய மகளோ கூட வந்தால் அந்தச் சிக்கல் இல்லை. துணைக்கும் ஆள் ஆகிறது. மேலதிகக் காசை மற்ற ஆறு சோடிகளும் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றலாம். அவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். காசு இருக்கிறவரின் மனதை நோகடிக்கவும், இல்லாதவரைக் கடன்காரி ஆக்கவும் அது ஒன்றே போதும். ஒரு சோடியின் அறையில் மூன்றாவது ஆளாகப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று. பெரியவர்களுக்கு மட்டும் என்பதும் சோடிகளுக்கு மட்டும் என்பதும் வேறு வேறு. 1978இல் ஜமேக்காவின் ஓச்சோ ரியோஸில் சோடிகளுக்கென்றே, எல்லாம் கட்டணத்துக்குள் அடங்கிய ஓர் ஓல்-இன்குளூசிவ் ஹோட்டல் தொடங்கினார்கள். அந்த வழியில் நடக்கும் ரிசோர்ட்டுகள் கரீபியனில் இன்றைக்கும் நிறைய உண்டு. அங்கே எல்லாமே இரண்டிரண்டாகத்தான்: இரண்டு கதிரை, இரவில் கடற்கரையில் இருவருக்கான மேசை, பாட்டுக்குச் சோடி நடனம். கணவரை இழந்து ஒரு வருடமான பெண்ணை அப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டாம். வயது மட்டுமே கட்டுப்பாடாக உள்ள ரிசோர்ட்டுகளில் சகோதரிகளாக, சிநேகிதிகளாக வருகிற பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

சரி, காசுக்கு வருவோம்.

உங்கள் கடனட்டையை இந்தத் தடவை வெளியில் எடுக்கவே வேண்டாம். எடுக்கத் தேவையும் இல்லை. பொதுவாகப் பத்துப் பேருக்கு மேல் ஒரே விமானத்தில் ஒரே ஹோட்டலுக்குப் போனால் சுற்றுலா நிறுவனங்கள் குழு ஒப்பந்தம் தரும். ஒரு விலையில் இத்தனை இருக்கை, இத்தனை அறை என்று பிடித்து வைப்பார்கள். அந்த ஒரே ஒப்பந்த இலக்கத்தின் கீழ் ஒவ்வொரு சோடிக்கும் தனித்தனிப் பற்றுச்சீட்டுப் போடலாம். அவரவர் அவரவர் அட்டையில் கட்டுவார்கள். யாராவது விலகினால் திரும்பும் காசு அவரவர் அட்டைக்கே போகும். போன தடவை உங்களுடைய அட்டைக்கு வந்து, அதற்குப் பிறகு யாருக்கு எவ்வளவு என்று நீங்கள் கொப்பி எழுதியிருப்பீர்கள். கடனட்டையோடு வரும் பயணப் பாதுகாப்புகளும் பெரும்பாலும் அந்த அட்டைக்காரருக்கும் அவர் குடும்பத்துக்கும்தான். மற்ற ஆறு வீட்டுக்காரருக்கு உங்கள் அட்டையால் ஒரு பிரயோசனமும் இல்லை. தனியாகக் கட்டலாம் என்பதை உங்கள் முகவர் சொல்லவில்லை என்றால், ஏழு அட்டையைக் கையாளுவதைவிட ஒன்றைக் கையாளுவது அவருக்குச் சுலபம் என்பதுதான் காரணம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முன் முகவரிடம் கேளுங்கள்: முற்பணம் எந்தத் திகதி வரை திரும்பும், எத்தனை பேர் விலகினால் விலை மாறும், ஒருவருக்குப் பதில் இன்னொருவரின் பெயரைப் போட எவ்வளவு, முழுக் காசும் எப்போது. வழக்கமாக முழுக் காசும் பெயர்களும் பயணத்துக்கு 45 முதல் 60 நாளுக்கு முன் கேட்பார்கள். குழு விலை எப்போதும் மலிவு என்று நினைக்க வேண்டாம். கடைசி நேரத்தில் தனி ஆளுக்கு அதைவிட மலிவாக வருவதும் உண்டு. அப்போது வட்ஸப்பில் ஒருவர் அந்த விலையைப் படமெடுத்துப் போடுவார், உங்களுக்கு வயிறு எரியும். குழு ஒப்பந்தத்தில் நீங்கள் வாங்குவது எல்லோரும் ஒன்றாகப் போவதற்கான உறுதியை. அதை முதல் நாளே எல்லோருக்கும் எழுதிவிடுங்கள்.

அப்புறம், ஒன்ராறியோவில் பயணம் விற்கிறவர் எவரும் ஒன்ராறியோ பயணத்துறைக் கவுன்சிலில், சுருக்கமாக டிக்கோ என்பார்கள், பதிந்திருக்க வேண்டும். பதிந்தவரிடம் கட்டிய காசுக்கு, முகவரோ விமான நிறுவனமோ முறிந்து போனால், இழப்பீட்டு நிதியில் இருந்து ஆளுக்கு 5,000 டொலர் வரை கோரலாம். பதிவு செய்த பிறகு வரியைத் தவிர்த்து விலை 7 வீதத்துக்கு மேல் கூடினால், முழுக் காசையும் வாங்கிக்கொண்டு விலகும் உரிமையும் உங்களுக்கு உண்டு. கல்யாண மண்டபத்தில் சந்தித்த ஒருவர் "நான் குழுவாகச் செய்து தாறன், காசை என் கணக்குக்கு அனுப்புங்கோ" என்றால், இந்தப் பாதுகாப்பு ஒன்றும் கிடையாது. இதைச் சொல்லும்போது என் தொழிலுக்காகப் பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். முற்பணத்தை இழந்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்து கொடுக்க முடியவில்லை.

காசில் இன்னுமொரு பக்கம் இருக்கிறது, அது கடிதத்தில் இல்லை. 2023இல் இந்த விலையைக் கட்டிய ஏழு வீட்டுக்கும் இன்றைக்கும் அதே வசதி இருக்குமா? 2021இல் இரண்டு வீத வட்டிக்கு வீட்டுக்கடன் எடுத்தவர்கள் இப்போது அதைப் புதுப்பித்து, மாதம் எத்தனையோ நூறு டொலர் கூடக் கட்டுகிறார்கள். பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கிறார்கள். "எங்களுக்கு இந்த வருடம் கஷ்டம்" என்று எல்லோரும் பார்க்கிற குழுவில் எழுத நம்மவர்களில் ஒருவருக்கும் மனம் வராது. சம்மதம் என்று கட்டைவிரலைக் காட்டுவார்கள். காசு கட்டும் நேரத்தில் பேச்சு மூச்சு இருக்காது. நாலு மாதம் நீங்கள் துரத்தியவர்களில் யாராவது இப்படி இருந்திருக்கவும் கூடும். ஆகவே விலையையும் முற்பணத் திகதியையும் மட்டும் குழுவில் போடுங்கள். வருகிறோம், வரவில்லை என்பதை அவரவர் முகவருக்கு நேரடியாகச் சொல்லட்டும். வராதவர்களிடம் ஏன் என்று கேட்பதில்லை என்பதையும் நீங்களே முன்கூட்டி எழுதுங்கள். பத்துக்குக் குறைந்தால் குழு ஒப்பந்தம் கிடைக்காமல் போகலாம், அவ்வளவுதான். நாலு சோடி தனித்தனியாகப் பதிந்தும் ஒரே விமானத்தில் போகலாம்.

இனி அதே இடமா என்பது. உங்கள் சிநேகிதி அங்கேதான் வருவேன் என்று சொன்னால் அங்கேயே போங்கள், மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். அவர் வேறு இடம் என்றால், அல்லது எதுவென்றாலும் சரி என்றால், என் யோசனை இது. நாட்டை மாற்ற வேண்டாம், கரையை மாற்றுங்கள். போன தடவை நீங்கள் இருந்தது அனேகமாக பாவரோ பக்கமாக இருக்கும். அது தீவின் கிழக்கு முகம், அத்திலாந்திக் கடல். காற்றும் அலையும் அதிகம். அதே புன்டா கானா விமான நிலையத்தில் இறங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரம் தெற்கே ஓடினால் பாயாஹிபே வரும். அது கரீபியன் கடல் பக்கம். தண்ணீர் குளம் மாதிரி இருக்கும், நீந்தத் தெரியாதவர்களும் இடுப்பளவு தண்ணீரில் பயமில்லாமல் நிற்கலாம். பாவரோவில் சூரியன் கடலில் எழும்பியதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே கடலில் விழும். சவோனாத் தீவுக்குப் படகு இங்கிருந்துதான் வெளிக்கிடுகிறது. போன தடவை அந்தத் தீவுக்குப் போயிருந்தால், விடியற்காலையில் எழும்பி பேருந்தில் போன நேரம் உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே அது இல்லை. 2011இல் இருந்து கரீபியன் கரைகளில் மலைமலையாக ஒதுங்கும் சர்காசம் பாசியும் கிழக்குக் கரையோடு ஒப்பிடும்போது இந்தப் பக்கம் குறைவு. அது பெரும்பாலும் வசந்தத்திலும் கோடையிலும் வருவது, பெப்ரவரியில் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை.

பழைய ஹோட்டலுக்கே போவதென்றால், பெயரை நம்பிப் பதிய வேண்டாம். இந்தத் துறையில் கைமாற்றம் நடந்தபடியே இருக்கிறது. 2021இல் ஹயாட் ஹோட்டல் நிறுவனம் அப்பிள் லெஷர் என்ற ரிசோர்ட் குழுமத்தை வாங்கியபோது சீக்ரெட்ஸ், டிரீம்ஸ், ப்ரெத்லெஸ் என்ற பெயர்களில் உள்ள ரிசோர்ட்டுகள் எல்லாம் அதன் கீழ் வந்தன. 2025இல் பிளாயா ஹோட்டல்ஸையும் வாங்கியது. பெயர்ப்பலகை அப்படியே இருந்து உள்ளே நிர்வாகம் மாறியிருக்கலாம். கட்டடம் அப்படியே இருந்து பெயர் மாறியிருக்கலாம். உங்கள் திகதியில் திருத்த வேலை நடக்குமா, எந்த உணவகம் மூடியிருக்கும் என்று முகவரைக் கொண்டு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீங்கள் ஆசைப்படுகிற அந்த இஞ்சித் தேநீர்த் தம்பியும் இத்தனை நாளில் வேறு ஹோட்டலுக்குப் போயிருக்கலாம், அல்லது மேலாளராக உயர்ந்திருக்கலாம். அங்கே நல்ல பரிசாரகர்களை ஒரே இடத்தில் வைத்திருக்க மாட்டார்கள்.

உறுப்பினர் திட்டத்தில் சேர்ந்த சோடி பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்கள் மேல் கோபப்பட வேண்டாம். வரும் வருட விடுமுறைகளுக்கு இப்போதே காசு கட்ட வைக்கும் திட்டம் அது. ரிசோர்ட்டின் விற்பனைக்காரர் காலைச் சாப்பாட்டோடு தொண்ணூறு நிமிடம் உட்கார வைத்து, கையெழுத்து வாங்கும்வரை விடாமல் பேசுவார்கள். படித்தவர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கட்டிய காசை எப்படியாவது பயன்படுத்த வேண்டும் என்ற தவிப்பில்தான் அங்கேயே போவோம் என்கிறார்கள். அது அவர்களுடைய கணக்கு, மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பல ரிசோர்ட்டுகளில் உறுப்பினர்களுக்குக் கையில் கட்டும் பட்டியின் நிறமே வேறு. அவர்களுக்கென்று தனி நீச்சல் தடாகம், தனிக் காலைச் சாப்பாட்டு இடம். மற்றப் பட்டிக்காரர் வாசலிலேயே நிறுத்தப்படுவார்கள். ஒரு குழுவுக்குள் இரண்டு நிறப் பட்டி வந்துவிட்டால் இரண்டாம் நாளே பிரிவு வந்துவிடும். எல்லோரும் அந்த வகுப்புக்கு உயர்வது, அல்லது அவர்களும் அந்தச் சலுகையை ஒரு கிழமைக்கு விட்டுவிடுவது. இதைப் பதிய முன் அவர்களோடு நேராகக் கதையுங்கள்.

பதினேழு வயது மகள் வர முடியாது. பெரியவர்களுக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் பதினெட்டு. கணக்கில் எடுப்பது ஹோட்டலுக்குள் நுழையும் நாளின் வயதை, கடவுச்சீட்டைப் பார்த்து. "ஒரு வயதுதானே, விட்டுவிடுவார்கள்" என்று கூட்டிப் போனால், பிள்ளையை வரவேற்பறையில் வைத்துக்கொண்டு இரவோடு இரவாக வேறு ஹோட்டல் தேட வேண்டி வரும், காசும் திரும்பாது. பெப்ரவரிக்குள் அவளுக்குப் பதினெட்டு ஆகிறதென்றால் சரி. ஆனாலும் ஐம்பது வயதுக்காரர் பதிமூன்று பேரோடு ஒரு கிழமை இருக்க அவளுக்கு விருப்பமா என்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.

திகதியில் பெப்ரவரி நடுப்பகுதியைத் தவிருங்கள். பெப்ரவரி மூன்றாம் திங்கள் ஒன்ராறியோவில் குடும்ப தின விடுமுறை. அந்தக் கிழமையிலேயே பல்கலைக்கழகங்களுக்கும் விடுமுறை. மாணவர்களும் குடும்பங்களும் உங்கள் ஹோட்டலுக்கு வராவிட்டாலும் விமானத்தில் வருவார்கள், விலை அங்கேதான் ஏறுகிறது. மார்ச் பள்ளி விடுமுறையும் அப்படித்தான். ஜனவரிக் கடைசி, அல்லது டிசம்பரின் முதல் இரண்டு கிழமை நல்லது. செப்டம்பர் மலிவு என்று யாராவது எழுதினால், 2022 செப்டம்பர் 19 அன்று ஃபியோனாப் புயல் அந்தக் கரையிலேயே ஏறியதை நினைவூட்டுங்கள். குழுவில் யாராவது இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டும் நிரந்தர வதிவிட அட்டையுமாக இருந்தால் நேரடி விமானம்தான். அமெரிக்காவில் மாறினால் அந்த நாட்டு விசா வேண்டும். திரும்பி வரும்போது அந்த அட்டை செல்லுபடியாக இருக்கவும் வேண்டும். டொமினிக்கன் குடியரசுக்குள் நுழைய நிரப்பும் இணையப் படிவம் இலவசம். காசு கேட்கிற தளம் வந்தால் அது அரசாங்கத்துடையது இல்லை, மூடிவிடுங்கள்.

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். உங்கள் சிநேகிதர் போன பிறகு, குழுவில் இருக்கும் மற்ற ஆண்கள் எல்லோரும் பயந்து வைத்தியரிடம் ஓடியிருப்பார்கள். யாருக்காவது பிரஷருக்குப் புதுக் குளிசை, யாருக்காவது கொலஸ்ட்ரோலுக்கு, யாருக்காவது நீரிழிவுக்கான மெட்ஃபோமின் 500இல் இருந்து 1,000. நல்ல விஷயம். ஆனால் பயணக் காப்புறுதிகளில் ஒரு நிபந்தனை உண்டு: ஏற்கெனவே உள்ள வருத்தம் பயணத்துக்கு முன் 90 நாளோ 180 நாளோ மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும். குளிசையின் அளவு கூடினால் மாற்றம். பல காப்புறுதிகளில், குறைந்தாலும் மாற்றம்தான். அதைச் சொல்லாமல் போய் அங்கே நெஞ்சுவலி என்று படுத்தால், காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது இங்குள்ள வைத்தியரின் கோப்பைத்தான். ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். வெளிநாட்டில் அவசரமாக வைத்தியசாலையில் படுத்தால் ஒரு நாளுக்கு அதிகபட்சம் 400 டொலர், படுக்காமல் காட்டிவிட்டு வந்தால் 50 டொலர் வரை. அவ்வளவே அது தரும். ஆகவே ஒவ்வொருவரும் முற்பணம் கட்டும் நாளிலேயே தங்கள் குளிசைப் பட்டியலைக் காட்டிக் காப்புறுதி எடுக்கட்டும். போன தடவை "எல்லோரும் சுகமாகத்தானே இருக்கிறோம்" என்று உங்களில் எத்தனை பேர் எடுக்காமல் போனீர்கள் என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை ஒருவரையும் அப்படி விட வேண்டாம்.

சாப்பாட்டில் ஒரு சின்ன விஷயம். வெள்ளிக்கிழமை உங்களில் பாதிப்பேர் சைவமாகிவிடுவீர்கள். அங்கே சோறும் அவரையும் பார்க்கச் சைவமாக இருக்கும், ஆனால் பன்றி இறைச்சித் துண்டோ கோழி ரசமோ போட்டுக் காய்ச்சியிருக்கலாம். ஸ்பானிய மொழியில் "சின் கார்னே", அதாவது இறைச்சி இல்லாமல், என்று மட்டும் சொன்னால் ஹாம் போட்டுத் தருவார்கள், அவர்களுக்கு அது கார்னேக்குள் வராது. "சின் கார்னே, சின் போயோ, சின் ஹமோன், சின் பெஸ்காடோ" என்று, இறைச்சி, கோழி, ஹாம், மீன் எதுவும் இல்லாமல் என்று முழுதாகச் சொல்லுங்கள். வாழைக்காயைத் தட்டிப் பொரித்த தொஸ்தோனெஸ் நம்மவர்களுக்கு நிச்சயம் பிடிக்கும். கொஞ்சம் ஊர் மிளகாய்த்தூள் கொண்டுபோகிறவர்களை நான் தடுப்பதில்லை.

பதின்மூன்று பேரும் மூன்று வேளையும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். உணவகங்களில் அவ்வளவு பெரிய மேசை இருக்காது. ஹோட்டலின் குழு அலுவலரிடம் முன்கூட்டிச் சொன்னால் இரண்டு இரவுக்கு ஒழுங்கு செய்து தருவார்கள். இரண்டாம் இரவும் கடைசிக்கு முந்திய இரவும் போதும். மற்ற இரவுகளில் உங்கள் சிநேகிதி தனியாக ஓர் அறைக்குத் திரும்பிப் போகப் போகிறார் என்பதை மட்டும் பெண்கள் நீங்கள் ஆறு பேரும் நினைவில் வைத்திருங்கள். இரவுக்கு ஒருவர் அவரோடு கொஞ்சம் நடந்துவிட்டு வந்தால் போதும், கணவன்மார் கோபிக்க மாட்டார்கள். அவர் கணவரின் பெயரைச் சொல்லாமல் தவிர்க்கவும் வேண்டாம். போன தடவை அந்த மனிதர் செய்த கூத்து ஏதாவது நினைவு வந்தால் சிநேகிதி முன்னாலேயே சொல்லிச் சிரியுங்கள்.

கைக்காசாக ஒரு டொலர் அமெரிக்கத் தாள்கள் எடுத்துப் போங்கள். நம் ஆட்கள் லூனி, டூனி என்கிற கனடிய ஒரு டொலர், இரண்டு டொலர் குத்திகளைக் கொடுத்துவிட்டு வருவார்கள். அங்குள்ள வங்கிகள் வெளிநாட்டுக் குத்திகளை மாற்றாது, அந்தப் பிள்ளைகள் அவற்றை என்ன செய்ய முடியும்? அப்புறம், பழைய இடத்துக்கே போவதாக முடிந்தால், அந்தத் தேநீர்த் தம்பியோடு பதினாலு பேரும் நின்று எடுத்த படம் உங்களிடம் நிச்சயம் இருக்கும். அதில் இரண்டு பிரதி அச்செடுங்கள். உங்கள் சிநேகிதி வீட்டுக்குப் போகும் நாளில் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். மற்றதை அவனிடம் கொடுப்பதா வேண்டாமா என்று அவரே சொல்லட்டும்.